காலை ஆட்டினால் செல்வம் போகுமா?

நாற்காலியில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், "காலை ஆட்டாதே, வீட்டில் செல்வம் தங்காது" என்று சொல்லாத பாட்டியை நம் நாட்டில் காண்பது அரிது. இந்த எச்சரிக்கை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. வட மாநிலங்களிலும் காலாட்டுபவர் வீட்டில் திருமகள் நிலைக்க மாட்டாள் என்பர். இன்னும் கிழக்கே சென்றால், ஜப்பானிய மொழியில் இப்பழக்கத்தின் பெயரே 'பிம்போ யுசுரி', அதாவது 'ஏழ்மைக் குலுக்கல்'. கொரியாவில் காலை ஆட்டினால் நற்பேறு பறந்துபோகும் என்று பெரியோர் கண்டிப்பர். ஒருவருக்கொருவர் தொலைவில் வாழும் மக்கள் பலரும் ஆடும் காலையும் ஓடும் பணத்தையும் ஒரே முடிச்சில் கட்டியிருப்பது வியப்புக்குரியது.

பணத்தைக் காக்கும் தொழிலில் இருக்கும் நாம் இந்நம்பிக்கையைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதில் தவறில்லை. மனிதர் ஏன் சும்மா இருக்க முடியாமல் அசைகின்றனர்? பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுவதும், நகம் கடிப்பதும், மோதிரத்தைச் சுழற்றுவதும், நாற்காலியில் புரண்டு புரண்டு அமர்வதும் எதைக் காட்டுகின்றன? அவற்றைக் கொண்டு ஒருவரின் மனத்தை அறிந்துவிட முடியுமா? அறிவியல் கடந்த 140 ஆண்டுகளாக இக்கேள்விகளுக்கு விடை தேடிவருகிறது. கிடைத்த விடைகள் நம் உடல்நலத்தோடும், பிள்ளை வளர்ப்போடும், பிறரை நாம் எடைபோடும் முறையோடும் தொடர்புடையவை.

மொழியில் பதிந்த அசைவுகள்

சிற்றசைவுகளைத் தமிழ் மொழி நெடுங்காலமாகவே உற்றுநோக்கி வந்துள்ளது. ஓரிடத்தில் அமைதியாக இருக்க இயலாத நிலைக்கு 'இருப்புக்கொள்ளாமை' என்று நாம் பெயரிட்டிருக்கிறோம். வழி தெரியாதவர் கையைப் பிசைகிறார். உதவி கேட்கத் தயங்குபவர் தலையைச் சொறிகிறார். நாணமுற்றவர் கால்விரலால் தரையைக் கீறுகிறார். கவலை மிகுந்தவர் குட்டி போட்ட பூனையைப் போல் வீட்டையே சுற்றிவருகிறார். புறப்பட அவசரப்படுபவர் நெருப்பின்மேல் நிற்பவர்போல் நிற்கிறார். துறுதுறுவென்று இருக்கும் குழந்தையைக் கண்டால் நாம் மகிழ்கிறோம்.

இந்தத் தொடர்களை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அசைவு என்பது ஒன்றாயினும் அதன் பொருள் ஒன்றன்று. கவலை, நாணம், அவசரம், ஊக்கம் என எதுவும் அதன் பின்னால் இருக்கலாம். மொழி அறிந்த இவ்வுண்மையை அன்றாட வாழ்வில் நாம் பலமுறை மறந்துவிடுகிறோம். காலை ஆட்டுபவர் ஒழுங்கற்றவர் என்றும், கையைப் பிசைபவர் எதையோ மறைக்கிறார் என்றும் ஒரே நொடியில் தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

அசைவுகளை எண்ணிய அறிஞர்

1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர். கைரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் அவர். சலிப்பூட்டும் ஒரு கூட்டத்தில் அமர்ந்திருந்தபோது, சொற்பொழிவைக் கேட்பதை விட்டுவிட்டு, கேட்பவர்கள் எத்தனை முறை அசைகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார்.

கையில் கடிகாரத்தை எடுத்தால் பிறர் கவனிப்பார்கள் என்பதால், நிமிடத்துக்கு 15 என்ற கணக்கில் தம் மூச்சையே அவர் கால அளவாகக் கொண்டார். ஏறத்தாழ 50 பேர் அமர்ந்திருந்த ஒரு பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 45 அசைவுகள் தென்பட்டன. அதாவது ஒருவருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்னும் அளவில். பேச்சில் ஏதேனும் சுவையான செய்தி வந்தபோது இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அசைவுகளின் தன்மையும் மாறியது. சலித்திருந்தபோது உடல் மெதுவாகவும் அகலமாகவும் சாய்ந்து, சாய்ந்த நிலையிலேயே தங்கியது. கவனம் கூடியபோது அசைவுகள் சுருக்கமாகவும் விரைவாகவும் முடிந்தன.

சலிப்பு அசைவைப் பெருக்குகிறது, கவனம் அதைச் சுருக்குகிறது என்பது இதனால் விளங்கியது. மேடையில் பேசுவோருக்கும் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் இன்றும் பயன்படும் அளவுகோல் இது. அவையினர் நெளிந்தால் அவர்களைக் குறை சொல்வதற்கு முன் நம் பேச்சின் நீளத்தைப் பார்ப்பது நலம்.

மீனும் சேவலும் கற்பித்தவை

அசைவுக்குச் சலிப்பு மட்டுமே காரணமன்று. இதை விலங்குகளிடமிருந்து கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் நிக்கோ டின்பெர்கன். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தமைக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டச்சு அறிஞர் அவர். ஸ்டிக்கில்பேக் எனப்படும் சிறுமீன்களில் ஆண்மீன் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு காக்கும். இரண்டு ஆண்மீன்கள் தத்தம் எல்லைக்கோட்டில் சந்திக்கும்போது, தாக்குவதா, தப்பி ஓடுவதா என்ற இரு உந்துதல்களும் அவற்றுள் சம வலிமையோடு எழுகின்றன. அப்போது அவை இரண்டையும் செய்யாமல், தலைகீழாக நின்று கூடு கட்டுவதைப்போல் மணலைத் தோண்டத் தொடங்குகின்றன. சண்டையிடும் சேவல்களும் நடுவே திடீரென்று நிறுத்தி, இரை பொறுக்குவதுபோல் தரையைக் கொத்துகின்றன. சூழ்நிலைக்குத் தொடர்பில்லாத இத்தகைய செயல்களை ஆய்வாளர்கள் 'இடம்பெயர்ந்த செயல்' என்பர்.

நாமும் இதையே செய்கிறோம். நேர்முகத் தேர்வில் விடை தெரியாத கேள்வி வந்தால் கை தானாகவே தலைமுடியைக் கோதுகிறது. கடன் விண்ணப்பம் ஏற்கப்படுமா என்று காத்திருப்பவரின் விரல்கள் கோப்பின் நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்க்கின்றன. எழுந்து போகவும் முடியாமல், செயல்படவும் வழியின்றி இருக்கும்போது, தேங்கிய ஆற்றல் விரல்நுனி வழியே வடிகிறது.

இவ்வடிகாலால் பயனும் உண்டு. இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பலர் முன்னிலையில் பேசவும் மனக்கணக்குப் போடவும் சிலரை வைத்து, அவர்கள் முகத்தைத் தடவுவது, சொறிவது, உதட்டைக் கடிப்பது முதலியவற்றைப் பதிவு செய்தனர். ஆண்களைப் பொறுத்தவரை, இச்செயல்களை அதிகம் செய்தோர் குறைவான மன அழுத்தத்தையே உணர்ந்தனர். பெண்களிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. எனவே இது அனைவருக்கும் பொருந்தும் விதியன்று. ஆயினும், பதற்றத்தின் அடையாளமாக நாம் எண்ணும் ஓர் அசைவு, பதற்றத்தைத் தணிக்கும் முயற்சியாகவும் இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது. அழுகின்ற குழந்தையை அடக்குவது ஒன்று. அது ஏன் அழுகிறது என்று கேட்பது வேறொன்று. அசைவின் செய்தியும் அத்தகையதே.

எழுதுகோல் கிறுக்குவதும் கவனமே

கூட்டத்தில் காகிதத்தின் ஓரத்தில் கோடும் வட்டமும் கிறுக்கிக்கொண்டிருப்பவர் கவனிக்கவில்லை என்றே நாம் எண்ணுவோம். பிளிமத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009இல் இதைச் சோதித்தார். 40 பேரை, இரண்டரை நிமிடம் நீளும் சுவையற்ற ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கச் செய்தார். பாதிப் பேருக்கு, கேட்கும்போதே காகிதத்தில் அச்சிட்ட வடிவங்களை எழுதுகோலால் நிரப்பும் வேலை தரப்பட்டது. பின்னர் எதிர்பாராத வகையில் நினைவுச் சோதனை வைத்தபோது, வடிவங்களை நிரப்பியவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு அதிகச் செய்திகளை நினைவுகூர்ந்தனர்.

மனம் சலிப்படைந்தால் பகற்கனவில் இறங்கிவிடும். கைக்கு எளிய வேலை ஒன்று இருந்தால், அது மனத்தை அவ்விடத்திலேயே பிடித்து வைக்கிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். ஆனால் அந்த வேலை எளியதாக இருத்தல் வேண்டும். கைப்பேசியைப் பார்ப்பது இக்கணக்கில் சேராது. அது கண்ணையும் கருத்தையும் ஒருங்கே இழுத்துக்கொள்ளும்.

பிள்ளைகள் வளர்க்கும் வாசகர்களுக்கு இன்னொரு செய்தி முக்கியமானது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் உடைய குழந்தைகளை மருத்துவர்கள் 'ஏடிஎச்டி' உடையோர் என்பர். இவர்கள் வகுப்பில் ஓரிடத்தில் அமர மாட்டார்கள், நாற்காலியைச் சுழற்றுவார்கள், காலை உதைப்பார்கள். "முதலில் சும்மா உட்கார், பிறகு படிக்கலாம்" என்பதே பெரும்பாலான பெற்றோரும் ஆசிரியரும் சொல்வது. அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்க் ராப்போர்ட் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களுக்கு நினைவாற்றல் வேலைகளைத் தந்து அவர்களின் அசைவுகளைப் பதிவு செய்தனர். ஏடிஎச்டி உடைய சிறுவர்கள் அதிகம் அசைந்தபோது வேலையைச் சிறப்பாகச் செய்தனர். அக்குறைபாடு இல்லாத சிறுவர்களோ அதிகம் அசைந்தபோது குறைவாகவே செய்தனர்.

ஒரு பிள்ளைக்குத் தடையாக இருக்கும் அசைவு மற்றொரு பிள்ளைக்குத் துணையாக இருக்கிறது. முன்னவனுக்குப் பொருந்தும் ஒழுங்கைப் பின்னவன்மீது சுமத்தினால், அவனுடைய முழு முயற்சியும் அசையாமல் இருப்பதிலேயே செலவாகிவிடும். பாடத்துக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. நின்றுகொண்டு எழுதவோ, கையில் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்தபடி கேட்கவோ அவனை அனுமதிப்பதால் வகுப்பு கெட்டுவிடாது.

உடல் கேட்கும் கடன்

சலிப்பும் பதற்றமும் இல்லாதபோதும் நாம் அசைகிறோம். தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம். இதற்குக் காரணம் உடலின் தேவையே. நெடுநேரம் ஒரே இடம் அழுந்தினால், அவ்விடத்துச் சதைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. நரம்புகள் மெல்லிய நெருடலை உணர்த்த, நாம் அறியாமலே எடையை மாற்றிக்கொள்கிறோம்.

இந்தச் சிறு நெருடலின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் தமிழ் மண்ணில் பணியாற்றியவர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரிடையே பணிசெய்தார். தொழுநோயில் கைவிரல்களும் பாதங்களும் சிதைவது நோய்க்கிருமி சதையைத் தின்பதால்தான் என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். உணர்ச்சி அற்றுப்போவதால் ஏற்படும் காயங்களே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்று பிராண்ட் விளக்கினார். உணர்ச்சியுள்ள பாதம் வலியெடுக்கும் முன்பே எடையை மாற்றிக்கொள்கிறது. உணர்ச்சியற்ற பாதமோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுந்திப் புண்ணாகிறது. நீரிழிவால் பாத உணர்ச்சி இழந்தோருக்கும் இதே பாடம் பொருந்தும். அத்தகையோர் நாள்தோறும் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். படுக்கையிலேயே கிடக்கும் நோயாளியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடும் செவிலியர், அவரால் செய்ய இயலாத அசைவை அவருக்காகச் செய்கின்றனர்.

நலமாக இருப்போருக்கும் அசைவு வரவு வைக்கிறது. மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் 11 இளைஞர்களையும் இளம்பெண்களையும் மூன்று மணி நேரம் நாற்காலியில் அமரச் செய்தனர். ஒரு காலை மட்டும் ஒரு நிமிடம் ஆட்டுவது, நான்கு நிமிடம் நிறுத்துவது என மாறிமாறிச் செய்ய வேண்டும். மற்றொரு கால் அசையாது இருக்க வேண்டும். இறுதியில், அசையாத காலின் முழங்கால் பின்புறத் தமனி தன் செயல்திறனில் குன்றியிருந்தது. ஆட்டிய காலின் தமனியோ முன்னிலும் மேம்பட்டிருந்தது.

உடல் எடையிலும் இதன் பங்கு சிறிதன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவைன் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 16 பேருக்கு நாள்தோறும் தேவைக்கு மேல் 1,000 கலோரி உணவை எட்டு வாரங்கள் அளித்தனர். அனைவரும் ஒரே அளவு மிகுதியாக உண்டும், சேர்ந்த கொழுப்பு ஒருவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. வேறொருவருக்கு நான்கு கிலோவுக்கும் அதிகம். இவ்வேறுபாட்டைப் பெருமளவு விளக்கியது உடற்பயிற்சி அல்ல. எழுவது, நடப்பது, நெளிவது போன்ற அன்றாட அசைவுகளே. பிரித்தானியாவில் 12,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வில், நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருப்போருக்கு இறப்பு வாய்ப்புக் கூடியது. ஆனால் அது குறைவாக அசைவோரிடம் மட்டுமே காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வேயன்றி, காரணத்தை நிறுவும் ஆய்வன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நெடும்பயணம் செய்வோருக்கு ஒரு குறிப்பு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்து பயணம் செய்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007இல் அறிவித்தது. விமானம், இரயில், பேருந்து, கார் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். மொத்த ஆபத்து சிறியதே. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணங்களில் 6,000 பேரில் ஒருவர் என்னும் அளவு. ஆயினும் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், இடையிடையே எழுந்து நடப்பதும் செலவில்லாத காப்பீடு. ஏழ்மைக் குலுக்கல் என்று பழித்த ஜப்பானிலேயே, இடுப்பு மூட்டுத் தேய்மானம் உடையோர்க்குக் காலாட்டுவதைப் பயிற்சியாகப் பரிந்துரைக்கும் மருத்துவர்கள் இன்று உள்ளனர்.

நெளிபவரெல்லாம் பொய்யர் அல்லர்

பொய் சொல்பவர் நெளிவார், கண்ணைப் பார்க்க மாட்டார் என்பது உலகெங்கும் பரவியுள்ள நம்பிக்கை. ஆய்வுகள் இதற்கு ஆதரவாக இல்லை. பொய்யையும் உண்மையையும் பிரித்தறியும் திறனைப் பற்றி ஏறத்தாழ 24,000 பேரிடம் நிகழ்ந்த பல ஆய்வுகளை 2006இல் ஒருங்கே தொகுத்தபோது, மக்கள் சரியாகக் கணித்தது 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைத்துவிடும். உண்மையில், பொய் சொல்பவர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முயல்வதால் கைகளையும் விரல்களையும் வழக்கத்தைவிடக் குறைவாகவே அசைக்கக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பதற்றத்தையும் நடத்தையையும் கண்டு ஐயத்துக்குரியோரைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் ஒன்று 2007 முதல் நடைபெற்றது. சுமார் 90 கோடி டாலர் செலவான பின், 2013இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் அதை ஆராய்ந்தது. அத்தகைய அடையாளங்களால் ஆபத்தானவரைக் கண்டறிய முடியும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறி, அதற்கான நிதியைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. முதன்முறை கடன் கேட்க வரும் சிறுதொழில் முனைவோர் கைக்குட்டையைக் கசக்கலாம். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வரும் கிராமத்து இளைஞரின் முழங்கால் மேசைக்கடியில் ஆடலாம். அது அவர்களுக்கு அந்த அறை புதிது என்பதையும், அந்த முடிவு அவர்களுக்கு இன்றியமையாதது என்பதையும் காட்டுமேயன்றி, நாணயக் குறைவைக் காட்டாது. ஒருவர் கடனைத் திருப்பிச் செலுத்துவாரா என்பதற்கு வரவு செலவுக் கணக்கே சான்று. அவர் கால் அன்று. நன்கு பழகிய மோசடிக்காரர் அசையாமல் புன்னகையோடு அமர்ந்திருப்பார்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

சில அசைவுகள் பழக்கத்தைக் கடந்தவை. மாலையிலும் இரவிலும் படுத்தவுடன் கால்களில் ஊர்வதுபோன்ற, இழுப்பதுபோன்ற ஓர் உணர்வு தோன்றி, காலை அசைத்தால் மட்டுமே தணிவது உண்டு. சுவீடன் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1945இல் இதை விரிவாக விவரித்தார். 'அமைதியற்ற கால் நோய்' எனப்படும் இது தூக்கத்தைக் கெடுக்கிறது. உடலில் இரும்புச்சத்துக் குறைவு இதற்குரிய காரணங்களுள் ஒன்று; கருவுற்ற காலத்திலும் தோன்றலாம். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. இரவெல்லாம் கால் உளைகிறது என்று சொல்லும் தாயையோ மகளையோ "உழைத்த களைப்பு" என்று தேற்றிவிடாமல், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது அறிவுடைமை.

மனநல மருந்துகள் சிலவும் வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் சிலவும், உட்கார முடியாத கடும் தவிப்பை உண்டாக்கக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் உடனே கூற வேண்டும். எடை குறைதல், படபடப்பு, விரல் நடுக்கம், வெப்பத்தைத் தாங்க இயலாமை ஆகியவை சேர்ந்து வந்தால் தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, நிலைகொள்ளாமல் தவித்தால் சர்க்கரை அளவு தாழ்ந்திருக்கலாம். அவர் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், சர்க்கரையோ குளுக்கோஸோ இனிப்பு பானமோ உடனே தர வேண்டும். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே மதிய வேளையில் எந்த வரிசையிலும் இந்நிலை எதிர்ப்படலாம்.

பிறர் அசைவு நம்மை வாட்டினால்

அசைபவரின் உரிமையைப் பேசும்போது, அருகில் இருப்பவரின் துன்பத்தையும் மறத்தலாகாது. பக்கத்து இருக்கைக்காரரின் கால் ஆடுவதைக் கண்டாலே சிலருக்கு எரிச்சலும் சினமும் எழுகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் 4,100க்கும் மேற்பட்டோரிடம் வினவியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இத்தகைய உணர்வு தமக்கு உண்டு என்றனர். 'மிசோகினீசியா' என்பது இதற்கு ஆய்வாளர் வழங்கும் பெயர். எனவே காலாட்டுபவரை எண்ணி எரிச்சலுறுபவர் சிறுமனம் படைத்தவர் என்று கருதவும் வேண்டா. ஒலி எழுப்பாமல், மேசையை அசைக்காமல் நம் அசைவை அமைத்துக்கொள்வதும், பார்வையைத் திருப்பும்படி இருக்கையை மாற்றிக்கொள்வதும் இருவருக்கும் ஏற்ற வழி. இயன்றால் எழுந்து இரண்டடி நடந்துவிட்டு வருவது இன்னும் நன்று.

கேட்பதே நன்று

அசைவைக் கொண்டு தீர்ப்பளிக்கக் கூடாது என்றோம். அசைவைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பது அதன் பொருளன்று. அண்மைக் காலத்தில் பெருகியுள்ள 'டிஜிட்டல் கைது' மோசடியை எண்ணிப் பாருங்கள். காவல் துறையினர், சுங்கத் துறையினர், புலனாய்வு அதிகாரிகள் என்று கூறிக்கொண்டு காணொலி அழைப்பில் வருபவர்கள், உங்கள் பெயரில் குற்றம் பதிவாகியுள்ளது என்று மிரட்டுகிறார்கள். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்று கட்டளையிடுகிறார்கள். அச்சத்தில் உறைந்த முதியவர், தம் வாழ்நாள் சேமிப்பான வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்து, அறியாத ஒரு கணக்குக்கு அனுப்ப வங்கிக்கு வருகிறார்.

அவர் கை நடுங்கும். கண் கைப்பேசியையும் வாசலையும் மாறிமாறிப் பார்க்கும். அமரச் சொன்னால் அமர மாட்டார். அவரைக் குறித்து, "அவசரக்காரர்" என்று எரிச்சலுற்று விரைவாக வேலையை முடித்து அனுப்பிவிடலாம். அல்லது, "ஐயா, தண்ணீர் அருந்துங்கள். பணம் யாருக்கு அனுப்புகிறீர்கள்? வீட்டில் தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். நாட்டின் பல இடங்களில் வங்கி ஊழியர்களின் இத்தகைய கேள்விகளால் பலருடைய சேமிப்பு தப்பியிருக்கிறது. ஊழியர் கேட்டால் அதைக் குறுக்கீடாக எண்ணாமல், அக்கறையாக ஏற்றுக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். வரிசையில் அருகில் நிற்கும் வாடிக்கையாளரும் இக்கேள்வியைக் கேட்கலாம். இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இல்லவே இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தாமதம் குறையக் குறைய, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் கூடும்.

காலை ஆட்டுவதால் செல்வம் போகாது. அளவோடு ஆட்டினால் உடலுக்குச் சிறிது வரவே. ஆடும் காலைக் கண்டு ஆளை எடைபோடுவதுதான் நட்டம்: நல்ல ஊழியரை இழப்போம், நேர்மையான வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவோம், படிக்க முயலும் பிள்ளையைத் தண்டிப்போம். நடுங்கும் கையைக் காணும்போது நாம் செய்யத்தக்கது, என்ன நேர்ந்தது என்று பரிவோடு ஒரு சொல் கேட்பதே.